ஏழாம் கேள்வி

இதில் நாளும் கிழமையும் சில இடங்களில் பிசகியிருக்கலாம். தேவசகாயம் சொல்லக் கேட்டது இது. கேட்ட பிறகு நெடுநாள் எழுதாமல் வைத்திருந்தேன். இதில் வருகிற ஒரு படிவத்தில் நாலு என்று எழுத்தால் எழுதியிருந்ததா, எண்ணால் போட்டிருந்ததா என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவரையே கேட்டுப் பார்த்தேன். ஒரு முறை எழுத்து என்றார், இன்னொரு முறை எண் என்றார். நாலு என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். செங்கை எலும்பு தசை ஆய்வுக் கழகம் அங்கேதான் இருக்கிறது. பெயர் நீளம் என்பதால் எல்லோரும் கழகம் என்றே சொல்வார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறிக் கழக ஆபீஸ் என்றால், "எந்தக் கழகம் சார்?" என்று ஓட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பார். எலும்புக் கழகம் என்றால், "அதுக்குக் கொடி இல்லியா?" என்பார். முப்பத்தைந்து வருஷமாக இந்த ஒரே கேலிக்குத் தேவசகாயம் சிரித்துவந்தார்.

அவர் அங்கே தட்டச்சராகச் சேர்ந்தது 1988-இல், இருபத்து நாலு வயதில். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ். பிற்பாடு அலுவலகச் செயலர் என்று ஒரு பதவி கொடுத்தார்கள். நாற்காலி அதேதான். டாக்டர்கள் தலைவரானார்கள், சண்டை போட்டார்கள், விலகினார்கள், இறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரங்கல் தீர்மானத்தை அவர்தான் தட்டச்சு செய்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஆவல, அவ்ளோதான்" என்பார். கோவளத்தில் தங்கை ஜாய்ஸ் வீட்டுக்கு மாதம் ஒரு முறை போவார். மற்ற ஞாயிறுகளில் அறையில் புத்தகம் படிப்பார்.

2023-ஆம் ஆண்டுக் கூட்டம் மாமல்லபுரத்தில், கடற்கரை ரிசார்ட் ஒன்றில் என்று முடிவானது. அப்போதைய செயலாளர் டாக்டர் ஜெகதீசன் மாடியேறி வந்தார். நாற்பது வயது, மூட்டு மாற்று அறுவை செய்கிறவர். உட்காராமலே பேசுவார்.

"முப்பத்தஞ்சாவது வருஷ மலர் போடறோம் சார். கழக வரலாறு எட்டுப் பக்கம் நீங்க எழுதணும். வேற யாருக்குத் தெரியும்?"

"எட்டுப் பக்கமா."

"யாரும் படிக்கப்போறதில்ல சார். பெரியவர் பாத்து சந்தோஷப்படணும், அது போதும். போட்டோவுக்கு இடம் விட்டு எழுதுங்க. அப்புறம் அந்த முதல் சர்வே ஃபார்ம் ஒரிஜினல் ஒண்ணு, நல்ல கையெழுத்தா பாத்து எடுத்து வைங்க. ஃபிரேம் போட்டு வாசல்ல வைக்கலாம்."

பெரியவர் என்றால் டாக்டர் பாலசுப்ரமணியன். கழகத்தைத் தொடங்கியவர். எண்பத்து நாலு வயது. அந்தக் கூட்டத்தில் அவருக்கு வாழ்நாள் விருது கொடுப்பதாக இருந்தது.

தேவசகாயம் எழுத ஆரம்பித்தார். ஏழு பேர் சேர்ந்து ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே கழகம் தொடங்கியதை எழுதினார். பெயர் வைத்த அன்றே வந்த தகராறை எழுதினார். எலும்பு மட்டும் போதும் என்று டாக்டர்கள் சொல்ல, தசையைப் போடாவிட்டால் எழுந்து போய்விடுவேன் என்றார் இயன்முறை மருத்துவர் கோதண்டராமன். தசையைப் போட்டார்கள். ஆறாம் மாதம் வேறு ஏதோ காரணத்துக்கு அவர் எழுந்து போய்விட்டார். தசை தங்கிவிட்டது. மாமல்லபுரத்துச் சிற்பிகளின் மணிக்கட்டைப் பற்றி எடுத்த ஆய்வை எழுதினார். சுனாமிக்குப் பிறகு கோவளத்தில் நடத்திய எலும்பு முறிவு முகாமை எழுதினார். எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

கழகத்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது முதல் ஆய்வு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களின் இடுப்பைப் பற்றி ஆயிரம் கட்டுரை இருக்கிறது, நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிற பெண்களின் இடுப்பைப் பற்றி ஒன்றுகூட இல்லை என்று பாலசுப்ரமணியன் சொன்னார். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமங்களில் நானூற்றுப் பன்னிரண்டு பெண்களைக் கேட்டார்கள். வந்த முடிவு எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது. இந்தப் பெண்களுக்கு ஆயுளில் நாலைந்து முறைதான் இடுப்பு வலி வருகிறது, வந்தால் ஒரு நாளுக்கு மேல் நிற்பதில்லை, நாற்பது வயதுக்குப் பிறகு வருவதே இல்லை. உழைப்பு முதுகெலும்பை உறுதியாக்குகிறது என்று கட்டுரை முடிந்தது. டாக்டர்களுக்காகக் கழகம் போட்ட கையேட்டில் அது ஒரு வாக்கியமாக ஏறியது. 'வயல் வேலை செய்யும் பெண்களுக்கு நாற்பது வயதுக்குப் பின் இடுப்பு வலி மிக அரிது. அவ்வாறு கூறுவோரிடம் பிற காரணங்களை, குறிப்பாக மனக் காரணங்களை, ஆராய்க.' கையேடு நாலு பதிப்பு கண்டது. அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. நாலு முறையும் தட்டச்சு செய்தவர் தேவசகாயம்.

படிவம் தேடிப் பின் அறையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். நானூற்றுப் பன்னிரண்டும் சணல் கட்டோடு இருந்தன. கணக்குப் போடச் சென்னைக்குப் போனது வெறும் எண்கள்தான். வயதையும், ஏழு, எட்டு, ஒன்பதாம் கேள்விகளுக்கு வந்த பதில்களையும் மட்டும் நீளத்தாளில் எழுதி அனுப்பினார்கள். மற்றப் பதில்கள் படிவத்திலேயே தங்கிவிட்டன. நல்ல கையெழுத்து என்றால் சந்திரம்மாவுடையது. அப்போது கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். முத்து முத்தாக எழுதுவாள். அவள் எழுதிய கட்டைப் பிரித்துப் புரட்டினார். நூற்று முப்பத்தேழாம் படிவத்தில் ஆராயி என்கிற மேரி, வயது 48 என்று இருந்தது.

ஆராயி அவருடைய அம்மா. மேரி ஞானஸ்நானப் பெயர். கோயில் பதிவைத் தவிர வேறெங்கும் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அம்மாவையும் கேட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். என்ன சொன்னாள் என்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

ஏழாம் கேள்வி: இதுவரை எத்தனை முறை இடுப்பு வலி வந்தது? நாலு. கடைசியாக எப்போது வந்தது? பதினேழு வருஷம் முன்னே. எவ்வளவு நேரம் இருந்தது? ஒரு ராத்திரி, மறுநாள் மத்தியானம் வரை. என்ன மருந்து? சுக்குக் கஷாயம், மருத்துவச்சி வந்தாள். எத்தனை நாளில் வேலைக்குப் போனீர்கள்? பதினாறு நாள்.

முதலில் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. அம்மா ஏன் பொய் சொன்னாள் என்று நினைத்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். நாலு முறை என்று எதை எண்ணினாள்?

மருத்துவச்சி என்ற சொல்லை மறுபடி படித்தார்.

பிறகு அடுத்த படிவத்தை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். ஆறு. மூணு. எட்டு. அஞ்சு. முப்பது நாள். தாய் வீட்டில் இருந்தேன். ஒரு படிவத்தில் சைபர் போட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் 'பிள்ளை இல்லை' என்று எழுதியிருந்தது. கீழே மருந்துக் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரம். அவர் எழுந்திருக்கவில்லை.

கேள்வித்தாளை டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தார். தமிழில் மாற்றியது தேவசகாயம். 'இதுவரை எத்தனை முறை உங்களுக்கு இடுப்புப் பகுதியில் வலி இருந்திருக்கிறது' என்றுதான் முதலில் போட்டார். பிரதி எடுக்க ஸ்டென்சில் வெட்டும்போது அது இரண்டு வரியாகிவிட்டது. பன்னிரண்டு கேள்வியும் ஒரே பக்கத்தில் வரவேண்டும் என்பது உத்தரவு. ஒரு வரி மிஞ்சியது. உட்கார்ந்து யோசித்து, பகுதியை எடுத்தார், உங்களுக்கு எடுத்தார், இருந்திருக்கிறது என்பதை வந்தது ஆக்கினார். கச்சிதமாக ஒரே வரியில் நின்றது. அன்று அதைப் பார்த்துப் பெருமைப்பட்டது அவருக்கு நினைவிருந்தது. இடுப்பு வலி வந்தது என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்பது அந்த ஊரில் பிறந்த அவருக்குத் தெரியாததல்ல. வண்டி கட்டச் சொல்லி ஆள் ஓடி வரும்போது சொல்கிற வார்த்தை அது. தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அது தோன்றவில்லை.

மூன்றாம் நாள் சந்திரம்மாவைப் பார்க்கப் போனார். அவள் ஓய்வு பெற்று, திருவிடந்தையில் மகன் வீட்டில் இருந்தாள். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கே பஸ் மாறினார். திருவிடந்தையில் கோயிலுக்குக் கல்யாணம் வேண்டிக்கொண்டு மாலையோடு வந்தவர்கள் கூட்டமாக இறங்கினார்கள். கடைசியாக அவர் இறங்கினார்.

சந்திரம்மா கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாப்பா தேவா. இன்னா, மாலை இல்லாம வந்துகிற? இந்த ஊருக்கு வந்தா மாலையோட வரணும்பா. இன்னும் டைம் கீது உனுக்கு."

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்த சர்வே ஞாபகம் கீதா?"

"எந்த சர்வே? நான் எடுக்காத சர்வேயா? மாட்டக் கூட எண்ணிக்கிறேன்."

அவர் படிவத்தை நீட்டினார். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். தன் கையெழுத்தை அடையாளம் கண்டதில் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"இத எப்டி கேட்டீங்க?"

"எப்டின்னா? எழுதிக்கிறத படிச்சேன். ஒரு வார்த்த மாத்தக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாரே. எத்தினி தபா இடுப்பு வலி வந்துச்சின்னு கேட்டா, அதுங்க ஒண்ண ஒண்ணு பாத்து சிரிக்கும். எலும்பு டாக்டருக்கு எங்க பிரசவம் இன்னாத்துக்குன்னு கேக்கும். அப்புறம் வெரல் வுட்டு எண்ணி சொல்லும்."

"உங்களுக்குத் தெரியுமா அது?"

"இன்னா தெரியுமா? புள்ள கணக்குதான கேட்டீங்க?"

அவள் அவரைப் பார்த்தாள். கீரைத் தண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அது இல்லியா?"

"இல்ல அக்கா. முதுகு நோவுறதக் கேட்டோம்."

"அதக் கேக்கணும்னா இடுப்பு வுட்டுப் போவுதான்னு கேக்கணும். அதுக்கு எண்ணிக்க ஏது? தெனம் காலைல வுட்டுப் போவும், ராவுல வந்து ஒட்டிக்கும்." அவள் கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "நான் ஒரு தபா டாக்டரக் கேக்கலாம்னு நெனச்சேன். பெரிய படிப்பு படிச்சவரு, அவருக்குத் தெரியாதான்னு வுட்டுட்டேன்" என்றாள்.

உள்ளே மருமகள் குக்கரை அணைத்தாள்.

"எங்கம்மா நாலுன்னா சொன்னாங்க?"

"சொல்லாம நானா எழுதுவேன்?"

"நாங்க மூணு பேரு. பெஞ்சமின், நான், ஜாய்ஸு."

சந்திரம்மா படிவத்தை மறுபடி வாங்கிப் பார்த்தாள். "அப்ப ஒண்ணு நிக்கல போல" என்றாள். "உனுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

பதினேழு வருஷம் முன்னே என்றால் 1971. அவருக்கு ஏழு வயது, ஜாய்ஸ் அதற்கு முன்பே பிறந்துவிட்டாள். அம்மா உள்ளே பாயில் படுத்திருந்ததும், அப்பா காய்ச்சல் என்று சொன்னதும், பக்கத்து வீட்டில் சில நாள் சோறு தின்றதும் அவருக்கு ஞாபகம் இருந்தன. அது அந்த வருஷம்தானா என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தார். பிடி கிடைக்கவில்லை.

பஸ்ஸில் வேறொன்றும் யோசித்தார். அது 1996-இல் நடந்தது. அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. இடுப்பு தாங்கவில்லை என்று அழுதாள். கழக உறுப்பினர் ஒருவரின் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். அந்த இளைய டாக்டர் அவளைத் திரும்பிப் படுக்கச் சொல்லி நாலு இடத்தில் அழுத்தினார். பிறகு மேசையிலிருந்து கையேட்டை எடுத்துப் புரட்டினார். "இந்த வேலை செஞ்சவங்களுக்கு இந்த வயசுல இடுப்புல வர்றதில்லையே. வீட்ல ஏதாவது கவலையா?" என்றார். தூங்குவதற்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். தான் தட்டச்சு செய்த புத்தகத்தை ஒரு டாக்டர் திறந்து பார்த்ததில் தேவசகாயத்துக்குத் திருப்தியாக இருந்தது. வெளியே வந்ததும் அம்மா, "அவுரு இன்னாடா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லியாம்மா. மனசுதான். புக்குலயே போட்டுக்குது."

"புக்குல போட்டிருந்தா சரி" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அவரிடம் இடுப்பைப் பற்றிச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து, எழவே முடியாமல் போனபிறகு எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு முள்ளெலும்புகள் நொறுங்கியிருந்தன. ஐந்து வாரத்தில் இறந்துபோனாள்.

அன்று மாலை ஆபீஸுக்கு வந்து, வரலாற்றின் மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்தார். ஏழாம் கேள்வியை மொழிபெயர்த்தவரின் பிழையால் பெண்கள் அதைப் பிரசவத்தைப் பற்றிய கேள்வி என்று எடுத்துக்கொண்டார்கள், ஆகவே முதல் ஆய்வின் முடிவு செல்லாது, கையேட்டின் அந்த வாக்கியம் தவறு என்று எழுதினார். மொழிபெயர்த்தவர் பெயரைப் போடவில்லை. காலையில் வந்து பெயரைப் போட்டார்.

பெரியவர் பார்க்காமல் அதை அச்சுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வேதாசலம் நகரில் அவர் வீட்டுக்குப் போனார். பாலசுப்ரமணியன் சக்கர நாற்காலியில் இருந்தார். உருப்பெருக்கி வைத்துப் பத்தியைப் படித்தார், படிவங்களைப் படித்தார். 'பிள்ளை இல்லை' என்ற படிவத்தில் அவர் பார்வை வெகுநேரம் நின்றது.

"இந்த நூத்தி முப்பத்தேழு யாரு? நீ தனியா வச்சிருக்கே."

"எங்க அம்மா சார்."

எதிர்வீட்டில் மிக்சி ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

"ஸ்டென்சில நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார் பெரியவர். "எனக்கும் தமிழ்தான். எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்வாங்க. ரெண்டு பேரும் படிச்சோம்."

"வரி மிஞ்சிச்சி சார். அதான்."

"ம்."

காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். தேவசகாயம் கதவுவரை வந்தபிறகு கூப்பிட்டார். "ஜெகதீசன்கிட்ட குடு. நான் பாத்துட்டேன்னு சொல்லு."

ஜெகதீசன் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். முதல் தடவையாக உட்கார்ந்தார்.

"நீங்க சொல்றது சரியாத்தான் சார் இருக்கும்போல. பயமா இருக்கு. ஆனா மலர்ல வேணாம். அந்தப் பேப்பருக்காகத்தான் அவருக்கு விருதே. ஒரு கமிட்டி போடலாம், திருப்பி ஒரு சர்வே எடுக்கலாம், அப்புறம் கையேட்ட மாத்தலாம். அதுக்கு முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"எப்போ சார் போடுவீங்க?"

"போடலாம் சார். இந்த மீட்டிங் முடியட்டும்." பேனாவால் பத்தியின் மேல் ஒரு கோடு இழுத்தார். "இத எடுத்துட்டா பக்கமும் கரெக்டா எட்டுல நிக்குது பாருங்க."

தேவசகாயம் பார்த்தார். எட்டில் நின்றது.

"பெரியவர் மனசு கஷ்டப்படும் சார். உங்களுக்கும்தான். அன்னிக்கு உங்களுக்கு ஒரு சால்வை வச்சிருக்கோம், சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்." ஜெகதீசன் எழுந்தார். மேசையில் கிடந்த படிவத்தை எடுத்தார். "ஃபிரேமுக்கு இதான? சூப்பர் கையெழுத்து சார்."

யாருடைய படிவம் என்று தேவசகாயம் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்ததாகவும் அவர் எனக்குச் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு அவர் முதல் நாளே போயிருந்தார். பெயர் அட்டைகளை அகர வரிசையில் அடுக்க வேண்டும். மண்டப வாசலில், பதிவு மேசைக்குப் பக்கத்தில், ஒரு தாங்கியில் படிவம் கண்ணாடிக்குள் இருந்தது. மேலே 'எங்கள் முதல் கேள்விகள்' என்று எழுதியிருந்தார்கள். காலையில் வந்த இளம் டாக்டர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் படிக்கவில்லை. தமிழில் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

படித்தது ரிசார்ட்டில் கூட்டிப் பெருக்குகிற ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைத் துடைக்க வந்தவள், துணியைக் கையில் வைத்துக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாண்ணா, எத்தினி புள்ள பெத்தன்னு இத்தினி டாக்டரும் சேந்துகினு கேக்குறாங்களா? நாலாம். இந்தம்மா பரவால்ல."

"உனுக்கு இடுப்பு எப்டிமா கீது?" என்று கேட்டார் தேவசகாயம்.

"எதுக்குண்ணா?"

"சும்மாதான்."

"முன்ன நடவு, இப்ப இது. அது பாட்டுக்கு கீது. கூடவே வர்றத கீதான்னு கேட்டா இன்னா சொல்றது?" ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, குனிந்து வாளியை எடுத்துப் போனாள்.

உள்ளே வரவேற்புரை தொடங்கிவிட்டது.

மண்டபத்துக்குள் குளிர் அதிகம். விருதைக் கொடுத்ததும் பெரியவரின் மடியில் வைத்து, மைக்கை அவர் வாயருகே பிடித்தார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"ஏழாம் கேள்வி தப்பு" என்றார். மூச்சு வாங்கினார். "அதனால பதிலும் தப்பு. இத நான் வாங்கக் கூடாது."

யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். முன் வரிசையில் ஒருவர், "கிரேட் மேன்" என்று பக்கத்தில் சொன்னார். ஜெகதீசன் மைக்கை வாங்கி, "இந்த அடக்கம்தான் நமக்குப் பாடம்" என்றார். பெரியவர் கையை உயர்த்தினார். அதையும் வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனார்கள்.

அடுத்தது சால்வை. பெயரைக் கூப்பிட்டதும் தேவசகாயம் மேடையேறினார். முப்பத்தைந்து வருஷத்தில் இந்த மாதிரி மேடையில் அவர் மைக்கைச் சரிசெய்திருக்கிறார், தண்ணீர் வைத்திருக்கிறார், பேசியதில்லை. சால்வையைப் போர்த்தியதும் இறங்கிவிடலாம். கீழே ஓரத்தில் பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவசகாயம் மைக்கின் முன்னால் நின்றார்.

"சார் சொன்னது நெசம்" என்றார். ஆபீஸில் பேசுகிற தமிழ் அவருக்கு வரவில்லை. "அந்தக் கேள்விய எழுதனவன் நான். இடுப்பு வலி வந்துச்சான்னு கேட்டுட்டேன். அவுங்க புள்ள பெத்த கணக்கச் சொல்லிட்டாங்க. வெளிய மாட்டிக்கிற ஃபார்ம் எங்க அம்மாவுது. நாலுன்னு போட்டுக்குது. அது இடுப்பு நோவு இல்ல. நாப்பதுக்கு மேல வராதுன்னு நம்ம புக்குல கீது. அது தப்பு. நாப்பதுக்கு மேல வராதது புள்ளதான்."

பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"தொண்ணூத்தாறுல எங்கம்மா இடுப்பு தாங்கலன்னு சொன்னாங்க. புக்குல அப்டி இல்லியேன்னு நான்தான் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். சால்வை தோளிலிருந்து நழுவியது. பிடித்துக்கொண்டு இறங்கினார். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசைக்காரர்கள் தங்கள் முன்னிருந்த மலரைப் புரட்டினார்கள். ஜெகதீசன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாடு தயார் என்று அறிவித்தார். அவர் குரல் சரியாக இல்லை. நடுவரிசையிலிருந்து ஒரு பெண் மட்டும் எழுந்து வாசலுக்குப் போனாள். பிரபா, கேளம்பாக்கத்தில் இயன்முறை மருத்துவர். படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு தேவசகாயத்திடம் வந்து, "அப்ப எப்படி சார் கேக்கணும்?" என்றாள்.

"இடுப்பு வுட்டுப் போவுதான்னு கேக்கணுமாம்மா" என்றார் அவர். "சந்திரம்மான்னு ஒருத்தங்க சொன்னாங்க."

பிரபா அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். தேவசகாயம் சாப்பிடப் போகவில்லை. பெரியவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் சாப்பாடு முடிந்து மற்றவர்கள் திரும்பி வரும்வரை அங்கேயே இருந்தார்கள்.

டாக்டர் பாலசுப்ரமணியன் அடுத்த மார்ச்சில் இறந்தார். விருதை அவர் மகன் கழகத்துக்கே திருப்பி அனுப்பினார். அது தகரப் பெட்டிக்கு மேல் இருக்கிறது. கமிட்டி போட்டார்கள், இரண்டு முறை கூடியது. கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் அந்த வாக்கியம் இல்லை. ஏன் இல்லை என்று எங்கும் எழுதவில்லை. ஜெகதீசன் இப்போது கழகத் தலைவர். பிரபா இதுவரை இருநூற்றுச் சொச்சம் பெண்களைக் கேட்டிருக்கிறாள். எத்தனை முறை என்று எண்ணச் சொல்லும் கேள்வி அவள் தாளில் இல்லை. சந்திரம்மாவுக்கு இடது முழங்கால் மாற்றினார்கள், இப்போது நடக்கிறாள். அந்த ரிசார்ட்டில் கூட்டிய பெண்ணைப் பிறகு யாரும் விசாரிக்கவில்லை. தேவசகாயம் ஓய்வு பெற்றுக் கோவளத்தில் ஜாய்ஸ் வீட்டில் இருக்கிறார். நாலாவது பிள்ளையைப் பற்றி ஜாய்ஸைக் கேட்டார், பெஞ்சமினுக்குப் போன் செய்தும் கேட்டார். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஊரில் அதைச் சொல்லக்கூடியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.